தவறு செய்து பார்க்க ஒரு வார்டு

இன்சுலின் போடும் ஊசியில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு ஆரஞ்சு மூடி. ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்குச் சிவப்பு, 100 யூனிட் இருக்கும் மருந்துக்கு ஆரஞ்சு. நம் நாட்டில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் 40 யூனிட் வகை. வளைகுடா நாடுகளில் கிடைப்பது 100 யூனிட் வகை. குமரி மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. லீவில் வரும் மகன் சோப்பு, சென்ட், பேரீச்சம்பழத்தோடு அம்மாவுக்கு மருந்தும் வாங்கி வருவான்.

நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு மருத்துவமனையில் போஸ்டிங் போட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் அம்மச்சிக்கு 20 யூனிட் இன்சுலின் போட வேண்டும். "மவன் கொண்டுவந்தது மக்களே" என்று அவரே பைக்குள்ளிருந்து குப்பியை எடுத்துத் தந்தார். வார்டில் இருந்தது சிவப்பு மூடி ஊசி மட்டும்தான். 20 என்ற கோடு வரை இழுத்தேன். காற்றுக்குமிழி இல்லை. கையில் நடுக்கம் இல்லை. எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே பஞ்சை எடுத்தேன். பக்கத்துக் கட்டிலில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். குப்பியைக் கையில் வாங்கி, லேபிளை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "இதுல எத்தனைன்னு போட்டிருக்கு, படி."

100 என்று போட்டிருந்தது. சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு அரை மில்லி அளவு. அந்தக் குப்பியிலிருந்து அரை மில்லி எடுத்தால் அது 50 யூனிட். தேவையானதைப் போல இரண்டரை மடங்கு.

அம்மச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. சிஸ்டர் அந்த ஊசியைக் கழிவுப்பெட்டியில் போட்டுவிட்டு வேறு குப்பி எடுத்துவரச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அன்றிரவு ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை. அந்தப் பாடத்தை வாழ்நாளுக்கும் மறக்காதபடி கற்றுக்கொண்டேன், அது உண்மை. ஆனால் அதைக் கற்க ஓர் உயிருள்ள மனுஷியின் கை என் ஊசிமுனைக்கு முன்னால் நீட்டப்பட்டிருந்தது. அது தேவையே இல்லாத விலை என்று இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்தும்போது தோன்றுகிறது. அந்த 50 யூனிட்டை ஒரு திரைக்குள் போட்டுப் பார்க்க, அப்புறம் நடப்பதைக் கண்ணால் பார்க்க இன்று வழி இருக்கிறது. மெய்நிகர் வார்டு என்று அதைச் சொல்கிறோம். அது என்ன, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை நர்சிங் சேரப்போகும் பிள்ளைகளுக்கும் அவர்களைச் சேர்க்கப்போகும் பெற்றோருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

நோயாளிப் பாதுகாப்பு என்றால்

நோயாளிப் பாதுகாப்பு என்றதும் பலரும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியை நினைப்பார்கள். இது வேறு. நோயைக் குணமாக்க வந்த இடத்தில், சிகிச்சையின் வழியாகவே புதிதாக ஒரு கேடு வராமல் பார்த்துக்கொள்வது. மருந்து மாறிப்போவது, ஆள் மாறிப்போவது, கட்டிலிலிருந்து விழுவது, டிரிப் போட்ட இடத்தில் கிருமி தொற்றுவது, ஒரே நிலையில் படுத்தே கிடந்ததால் முதுகில் புண் வருவது, ஆபரேஷனில் பக்கம் மாறுவது, இவையெல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

மருத்துவமனைக்குப் போகும் பத்துப் பேரில் சுமார் ஒருவர் இப்படி ஏதோ ஒரு பாதிப்புக்கு ஆளாகிறார், அதில் பாதிக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019 முதல் செப்டம்பர் 17ஆம் தேதியை உலக நோயாளிப் பாதுகாப்பு நாளாகவும் அது கடைப்பிடித்து வருகிறது. இந்தப் பேச்சு உலகம் முழுக்கச் சூடு பிடித்தது 1999இல். அமெரிக்க மருத்துவமனைகளில் மருத்துவத் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் அறிக்கை ஒன்று அந்த ஆண்டில் கணக்குச் சொன்னது. எண்ணிக்கையைவிட அந்த அறிக்கையின் இன்னொரு வாதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தவறுகளுக்குப் பெரும்பாலும் காரணம் கெட்ட ஆட்கள் இல்லை, வேலை நடக்கும் முறையில் இருக்கும் ஓட்டைகள் என்று அது சொன்னது.

ஜேம்ஸ் ரீசன் என்ற இங்கிலாந்து உளவியலாளர் இதை விளக்க, துளை விழுந்த பாலாடைக்கட்டித் துண்டுகளை வரிசையாக நிறுத்திக் காட்டினார். நம் ஊருக்கு ஓலைக்கூரை போதும். ஒரே ஓலையை நம்பி யாரும் கூரை வேய்வதில்லை. அடுக்கடுக்காகப் போடுவோம். மேலே இருக்கும் ஓலையில் ஓட்டை விழுந்தால் கீழே இருப்பது தண்ணீரை வாங்கிக்கொள்ளும். எல்லா அடுக்கின் ஓட்டையும் ஒரே நேரில் வந்து நின்றால்தான் வீட்டுக்குள் சொட்டும். என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து மருத்துவமனை ஃபார்மசி வழியாக வராமல் நோயாளியின் பையிலிருந்து வந்தது ஓர் ஓட்டை. கேஸ் ஷீட்டில் 20 யூனிட் என்று மட்டும் எழுதி எந்த வகை என்று எழுதாதது இன்னொன்று. வார்டில் ஒரே மாதிரி ஊசி மட்டும் இருந்தது, லேபிளைப் படிக்க எனக்குப் பழக்கம் வராதது, போடுமுன் இன்னொருவரிடம் காட்டச் சொல்லி விதி இல்லாதது எல்லாம் அதற்கடுத்து வரிசையாக நின்றன. கடைசி ஓலையாக அந்த சிஸ்டர் இருந்தார். அவர் அந்த நேரத்தில் திரும்பியது தற்செயல்.

பாதுகாப்பைத் தற்செயலுக்கு விடக்கூடாது. அதற்குப் பழக்கம் வேண்டும். பழக்கம் வர, பலமுறை செய்து பார்க்க வேண்டும். பலமுறை செய்தால் தவறும் வரும். உண்மையான நோயாளியிடம் தவறு வரவே கூடாது. நர்சிங் கல்வியில் நெடுங்காலமாக இருந்த முடிச்சு இதுதான்.

பொம்மையிலிருந்து கண்ணாடி வரை

இந்த முடிச்சை அவிழ்க்க வழி காட்டியவர்கள் விமானக்காரர்கள். 1929இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், தரையை விட்டு எழும்பாத ஒரு பயிற்சி விமானத்தைச் செய்து முடித்தார். அவர் குடும்பத்துக்கு ஆர்கன் இசைக்கருவி செய்யும் தொழில். ஆர்கனில் காற்றடிக்கும் துருத்திகளை வைத்தே விமானத்தைச் சாய்க்கவும் ஆட்டவும் செய்தார். அதில் உட்கார்ந்தவர் நூறு முறை விழுந்தாலும் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

நர்சிங்கில் அதற்கும் முன்னாலேயே ஒரு பொம்மை வந்துவிட்டது. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனை நர்சிங் பள்ளிக்காக, மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் பெண்மணி ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். மாணவிகள் அதைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள், உடை மாற்றினார்கள். 1960இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால், உயிர் மீட்கப் பழகும் பொம்மையைக் கொண்டுவந்தார். இன்று எந்த நர்சிங் கல்லூரியிலும் செய்முறை பழகும் அறையான ஸ்கில் லேபுக்குப் போனாலும் அதன் வழிவந்த டம்மி ஒன்று கட்டிலில் படுத்திருக்கும். நாடித் துடிப்பு, மூச்சு, இருமல், வியர்வை எல்லாம் வரவழைக்கும் விலை உயர்ந்த டம்மிகளும் உண்டு.

மெய்நிகர் சூழல் இதற்கு அடுத்த படி. எளிமையாகச் சொன்னால், கம்ப்யூட்டர் உருவாக்கிக் காட்டும் ஒரு வார்டு. அதில் கட்டில், மருந்து டிராலி, மானிட்டர், நோயாளி, கூட நிற்கும் உறவினர், போனில் டாக்டர் என எல்லாரும் இருப்பார்கள். நாம் ஒன்று செய்தால் அது பதிலுக்கு ஒன்று செய்யும். மருந்து கொடுத்தால் மானிட்டரில் எண் மாறும். கொடுக்காமல் நின்றாலும் மாறும். வீடியோ பார்ப்பதற்கும் இதற்கும் இருக்கும் வேறுபாடு அதுதான். வீடியோவில் வரும் நோயாளி நாம் என்ன செய்தாலும் அதே மாதிரிதான் இருப்பார்.

சாதாரண லேப்டாப் திரையிலேயே இதைச் செய்யலாம். சுட்டியை நகர்த்தி வார்டில் நடக்க வேண்டியதுதான். 2003இல் வந்த செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தில் வெளிநாட்டு நர்சிங் கல்லூரிகள் சில மருத்துவமனையே கட்டி, மாணவர்களை உருவங்களாக உள்ளே அனுப்பிப் பாடம் நடத்தின. இப்போது அதிகம் பேசப்படுவது, விஆர் என்று சுருக்கிச் சொல்லும் மெய்நிகர்க் கண்ணாடி. கண்ணை முழுக்க மூடும் அந்தக் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டால் நாம் இருக்கும் அறை மறைந்துவிடும். தலையைத் திருப்பினால் வார்டின் இன்னொரு மூலை தெரியும். கையில் பிடித்திருக்கும் கருவியால் குப்பியை எடுக்கலாம், கட்டிலின் கம்பியை உயர்த்தலாம். ஒரு சின்ன விஷயம். கொண்டை போட்ட பிள்ளைகளுக்கு அதன் பின்பட்டை உட்காராது. அதனால் விஆர் வகுப்பு உள்ள நாளில் தாழ்வாகப் பின்னிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

தவறு தேடும் அறை

நோயாளிப் பாதுகாப்பைத் தொடங்க எனக்குப் பிடித்த பயிற்சி இது. வெளிநாடுகளிலும் பல இடங்களில் நடத்துகிறார்கள். ஒரு வார்டுக் காட்சி. அதில் வேண்டுமென்றே தவறுகளை வைத்திருப்போம். மாணவி உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் எத்தனை கண்டுபிடிக்கிறாள் என்று பார்க்க வேண்டும். நம் மாவட்டத்து வார்டு மாதிரியே அதை அமைத்தால் இப்படி இருக்கும்.

முதல் கட்டிலில் தங்கம் என்று ஓர் அம்மச்சி. கையில் கட்டிய பட்டையில் தங்கம், கேஸ் ஷீட்டில் தங்கபாய். மேரி, செல்லம், தங்கம், ராஜம் என்று ஒரே வார்டில் ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் படுத்திருப்பது நம் ஊரில் அதிசயம் இல்லை. வீட்டுப்பெயரும் ஊர்ப்பெயரும் கூட 'விளை' என்ற சொல்லில் போய் முடியும். அதனால்தான் பெயரோடு வயதோ ஆஸ்பத்திரிப் பதிவு எண்ணோ இன்னொரு அடையாளத்தையும் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. கட்டில் எண் அடையாளம் ஆகாது. மனிதர்கள் கட்டில் மாறிப் படுப்பார்கள்.

இரண்டாம் கட்டிலில், மறுநாள் காலை ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர். தலைமாட்டில் வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்ற பலகை. பக்கத்து ஸ்டூலில் பாதி உரித்த ஏத்தம்பழம். கூட நிற்கும் அக்கா பாசத்தில் கொடுத்தது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று அந்த அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த இடத்தில் மாணவி பழத்தை எடுத்து மறைத்தால் போதாது. எவ்வளவு சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்று கேட்டு, அதை டாக்டரிடம் சொன்னால்தான் முழு மதிப்பெண்.

மூன்றாம் கட்டிலில் சிவப்புப் பட்டை, பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதியிருக்கிறது. மேலே தொங்கும் பாட்டிலில் ஆம்பிசிலின் கலந்திருக்கிறது. ஆம்பிசிலினும் பென்சிலின் குடும்பம்தான் என்று தெரிந்தவளுக்கு மட்டுமே அது தவறாகத் தெரியும். நான்காம் கட்டிலில் சிறுநீர்ப் பை தரையில் கிடக்கிறது, கட்டிலின் கம்பி இறங்கியிருக்கிறது. நடைபாதையில் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் ஈரத்தரையை வைக்காமல் வார்டு வரைந்தால் அது நம் வார்டே இல்லை. மருந்து டிராலியில் லேபிள் ஒட்டாத ஒரு சிரிஞ்சு. அதற்குப் பக்கத்தில் டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூலும் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் ஒரே டப்பாவில். இரண்டும் நிறமில்லாதவை, அளவும் ஏறக்குறைய ஒன்று. அடர்ந்த பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் இரத்தக்குழாயில் நேரே ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் அதை மற்ற மருந்துகளோடு வார்டில் வைக்கவே கூடாது என்கிறார்கள்.

இந்தப் பயிற்சியில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று உண்டு. இருக்கும் தவறை மாணவிகள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். தரையில் கிடக்கும் ஊசி, நிரம்பி வழியும் கழிவுப்பெட்டி, இவை எல்லார் கண்ணிலும் படும். இல்லாததைப் பிடிப்பதுதான் கஷ்டம். நோயாளியின் கைக்கு எட்டும் இடத்தில் அழைப்பு மணி இல்லை என்பதை முதல்முறை கண்டுபிடிப்பவர்கள் அபூர்வம். ஆக்ஸிஜன் மாஸ்க் முகத்தில் அழகாக மாட்டியிருக்கும், எவ்வளவு ஆக்ஸிஜன் போகிறது என்று காட்டும் சுவர் மீட்டரில் குண்டு பூஜ்யத்தில் கிடக்கும். மாஸ்க்கைப் பார்த்ததும் மனசு "சரி, ஆக்ஸிஜன் போகுது" என்று முடிவுகட்டிவிடுகிறது. இந்த முடிவுகட்டும் பழக்கத்தை ஒரு பிள்ளை தனக்குள்ளேயே பிடிக்கத் தொடங்கினால் அந்த வகுப்பு வென்றது.

50 யூனிட் போட்டால் என்ன நடக்கும்

இன்னொரு வகைப் பயிற்சியில் நேரம் ஓடும். அதே தங்கம் அம்மச்சி, 68 வயது, சர்க்கரை நோயாளி. மணி பதினொன்றரை. மாணவி இன்சுலின் எடுக்கத் தொடங்கும்போது வார்டு போன் அடிக்கும். இன்னொரு நோயாளியின் மகன் வந்து "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" என்பார். இவை வேண்டுமென்றே வைக்கப்பட்ட குறுக்கீடுகள். மருந்து எடுக்கும்போது கவனம் கலைந்தால் தவறு கூடும் என்று வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் உறைக்காது. எத்தனை யூனிட் என்பதே மறந்துபோய், கேஸ் ஷீட்டைத் திரும்பவும் எடுத்துப் பார்க்கும் அந்த நொடியில் உறைக்கும். "ஒரு நிமிஷம் இருங்கண்ணே, மருந்து எடுத்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும்.

சரி, அவள் தவறான ஊசியில் எடுத்துப் போட்டுவிட்டாள் என்று வைப்போம். எந்த மணியும் அடிக்காது, திரையில் சிவப்பு எழுத்தில் தவறு என்றும் வராது. உண்மை வார்டிலும் அப்படி எதுவும் வருவதில்லையே. கம்ப்யூட்டர் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே தள்ளும். சாப்பாடு வந்து மூடியபடியே இருக்கும். அம்மச்சி "தலை கறங்குது மக்களே" என்பார். நெற்றியில் வியர்வை. அடுத்த கேள்விக்குக் குழறிய பதில் வரும். இப்போது மாணவி தூக்கம் வருகிறது போல என்று போர்வையை இழுத்துவிட்டுப் போகலாம், அல்லது விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கலாம். பார்த்தால் 48. சாதாரணமாக 70க்குக் கீழே போனாலே குறைவு.

சுயநினைவோடு விழுங்கக் கூடியவராக இருந்தால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கலாம். குழறிப் பேசி, கண் செருகுபவருக்கு வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்; அவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் கரைசலை இரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டும். பதற்றத்தில் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றும் மாணவிகள் உண்டு, வீட்டில் பாட்டாவுக்கு அப்படிச் செய்து பார்த்திருப்பார்கள். மெய்நிகர் அம்மச்சி இருமி நீலம் பாரிப்பதை ஒருமுறை பார்த்தவள் மறுபடி அதைச் செய்வதில்லை.

இந்த இடத்தில் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். புதிய நர்சுகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: "சார், ஒண்ணாம் பெட் அம்மாவுக்கு ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" மறுமுனையில் இருப்பவர் நாலு வார்டு பார்ப்பவர். ஒரு மாதிரி என்றால் அவருக்கு என்ன புரியும்? அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைக்கு வந்த எஸ்பார் என்ற முறை இதற்குக் கைகொடுக்கிறது. இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் சொல்வது. அந்த வரிசையில் வந்தால் அதே போன் இப்படி மாறும்:

"சார், பெண்கள் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். ஒண்ணாம் பெட் தங்கம், 68 வயசு. வேர்த்துக் கொட்டுது, குழறிப் பேசுறாங்க, சுகர் 48. சுகர் பேஷண்ட். பதினொன்றரைக்கு இன்சுலின் போட்டது, மதியம் சாப்பிடல. குப்பி 100 யூனிட் வகை, 40 ஊசியில எடுத்துட்டேன், டோஸ் கூடிப்போச்சு சார். டெக்ஸ்ட்ரோஸ் ரெடியா இருக்கு, போடலாமா? நீங்க உடனே வரணும்."

டாக்டர் சொல்லும் மருந்தையும் அளவையும் எழுதிக்கொண்டு, திரும்ப வாசித்துக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகே போனை வைக்க வேண்டும். "டோஸ் கூடிப்போச்சு சார்" என்ற அந்த மூன்று சொற்களைக் கவனியுங்கள். மொத்தப் பயிற்சியிலும் சொல்லக் கடினமானவை அவைதான். திரைக்குள் இருக்கும் டாக்டரிடமே பல பிள்ளைகளுக்கு அது வாயிலிருந்து வராது. மறைத்தால் அம்மச்சிக்குச் சர்க்கரை திரும்பத் திரும்ப இறங்கும். ஏன் இறங்குகிறது என்று டாக்டருக்குத் தெரியாது. இதையும் மெய்நிகர் வார்டு நடத்திக் காட்டும்.

கண்ணாடியைக் கழற்றிய பிறகு

பார்க்க வருபவர்கள் விஆர் கண்ணாடியைப் பார்த்து வியந்துவிட்டு அதோடு கிளம்பிவிடுவார்கள். உண்மையான வகுப்பு அதைக் கழற்றிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. டிபிரீஃபிங் என்று சொல்கிறோம், நடந்ததைச் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது. பயிற்சி பதினைந்து நிமிடம் என்றால் பேச்சு அரை மணிநேரமாவது நடக்க வேண்டும்.

ஆசிரியர் முதலில் கேட்பது "எப்படி இருந்தது மக்களே?" என்றுதான். படபடப்பு கொஞ்சம் இறங்கட்டும். அப்புறம் என்ன நடந்தது என்று மாணவியே சொல்ல வேண்டும். அதற்கும் அப்புறம்தான் முக்கியமான கேள்வி: "அந்த ஊசியை எடுக்கும்போது உன் மனசில என்ன ஓடிச்சு?" ஏன் பார்க்கல, கண்ணு எங்க இருந்துது என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்வாள். மனசில் என்ன ஓடியது என்று கேட்டால் "எல்லா ஊசியும் ஒண்ணுதான்னு நெனச்சேன் மேடம்" என்று வரும். அந்த ஒரு பதிலில் நான் நடத்திய பாடத்தின் ஓட்டை தெரிந்துவிடும். ஊசி போடும் கோணத்தை ஒரு மணிநேரம் சொல்லிக்கொடுத்தேன், மூடியின் நிறத்தை ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறேன்.

நாம் வளர்ந்த முறையில் தவறு என்றால் திட்டு. வீட்டிலும் பள்ளியிலும் அப்படித்தான், வார்டிலும் அப்படித்தான். எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிய நர்ஸ், அடுத்த முறை தவறு நடந்தால் சொல்லமாட்டாள். சொல்லாத தவறை யாரும் திருத்த முடியாது, நாளைக்கு இன்னொருத்தி அதே குழியில் விழுவாள். அதனால் டிபிரீஃபிங் அறைக்குள் பேசியதை வெளியே கொண்டுபோகக் கூடாது, மதிப்பெண்ணோடும் சேர்க்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நல்ல கருவி வாங்கி, அதை வைத்து மாணவிகளைப் பயமுறுத்தும் கல்லூரியைவிட, கருவியே இல்லாமல் மரியாதையாகப் பேசும் கல்லூரி மேல்.

இதனால் பலன் உண்டா? அமெரிக்காவின் நர்சிங் வாரியங்களுக்கான தேசியக் கவுன்சில் பத்து நர்சிங் கல்லூரிகளில் நடத்திய ஒரு பெரிய ஆய்வின் முடிவை 2014இல் வெளியிட்டது. மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை சிமுலேஷனாக, அதாவது இப்படிப்பட்ட பாவனைப் பயிற்சியாக மாற்றினாலும் மாணவர்களின் அறிவிலும் திறனிலும் உரிமத் தேர்வுத் தேர்ச்சியிலும் குறை தெரியவில்லை. ஆனால் அந்த ஆய்வு விஆர் கண்ணாடியைப் பற்றியது இல்லை, டம்மிகளும் நோயாளியாக நடிப்பவர்களும் அதில் முக்கியம். பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் ஒழுங்கான டிபிரீஃபிங்கும் இருந்தன. அதைக் காட்டி "இனி ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆளைப் புரட்டும்போது இடுப்பில் ஏறும் பாரம், மெலிந்த கையில் இரத்தக்குழாயைத் தடவிக் கண்டுபிடிக்கும் விரல், புண்ணின் வாடை, பயந்த நோயாளி நம் கையை இறுக்கிப் பிடிப்பது, இதெல்லாம் கண்ணாடிக்குள் வராது. சிலருக்குக் கண்ணாடி போட்ட ஐந்து நிமிடத்தில் குமட்டல் வரும். அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, லேப்டாப் திரை போதும். இன்னொன்றும் உண்டு. ஒரே கண்ணாடியை முப்பது பேர் மாட்டிக் கழற்றுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் இடையில் துடைத்து, முகம் படும் இடத்துக்குப் புது உறை போட வேண்டும். தொற்றுத்தடுப்புப் பாடம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. அதைச் செய்யாமல் கை கழுவுவதைப் பற்றி வகுப்பெடுத்தால் பிள்ளைகள் கவனிப்பார்கள்.

கையில் காசு குறைவு என்றால்

நெய்யூரில் மருத்துவ மிஷன் 1838லேயே தொடங்கிவிட்டது. அந்த நாளிலிருந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை இந்த மாவட்டத்துக்குப் பழக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று எந்தப் பக்கம் போனாலும் இன்று நர்சிங் படிக்க இடம் உண்டு. படித்து முடித்தவர்கள் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள். ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் விஆர் அறை அமைக்க வசதி இருக்காது. 2021இல் வந்த புதிய பி.எஸ்சி நர்சிங் பாடத்திட்டத்தில் ஸ்கில் லேபுக்கும் சிமுலேஷனுக்கும் இடம் தரப்பட்டிருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் அந்தப் பாடத்திட்டத்தை நிறைவேற்றக் கண்ணாடியேதான் வேண்டும் என்றில்லை.

ஒரு காலி வகுப்பறை, ஒரு பழைய கட்டில், ஒரு டம்மி, காலாவதியான மருந்துக் குப்பிகளைக் கழுவித் தண்ணீர் நிரப்பியது, கொஞ்சம் பட்டைகள். தவறு தேடும் அறை தயார். அதையே போனில் சுற்றிலும் படமெடுத்து, கணினியில் போட்டுவிட்டால் வீட்டிலிருந்தும் பார்க்கலாம். அதுவே உங்கள் முதல் மெய்நிகர் வார்டு. இன்சுலின் கதையைப் போல, இப்படிச் செய்தால் இங்கே போ, அப்படிச் செய்தால் அங்கே போ என்று கிளை பிரியும் கேள்விகளைச் சாதாரண ஸ்லைடுகளிலேயே அமைக்கலாம். மாணவிகளையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. ஒரு தவறை எங்கே ஒளித்து வைக்கலாம் என்று யோசிப்பவள், அது எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்றும் தெரிந்துகொள்கிறாள். கதையில் கூட நிற்பவர் மலையாளத்தில் பேசட்டும், ஒரு நோயாளி கடற்கரைத் தமிழ் பேசட்டும், இன்னொருவருக்குக் காது கேட்காமல் இருக்கட்டும். நம் வார்டு அப்படித்தானே இருக்கிறது. வெளிநாட்டு மென்பொருளில் வரும் நோயாளிகள் யாரும் பையிலிருந்து வளைகுடாக் குப்பியை எடுத்துத் தரமாட்டார்கள்.

பிள்ளையை நர்சிங்கில் சேர்க்க ஜூலை மாதம் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்கில் லேபைக் காட்டச் சொல்லுங்கள். டம்மி புதுசா, கண்ணாடி எத்தனை இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டாம். டம்மி மேல் பாலிதீன் உறை இன்னும் சுற்றியிருக்கிறதா, கட்டிலின் விரிப்பு கசங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு வராந்தாவில் போகும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியை நிறுத்தி, "நீ கடைசியா இந்த ரூமுக்குள்ள வந்தது எப்ப மக்களே, அன்னைக்கு நீ என்ன தப்பு செஞ்சே?" என்று கேளுங்கள். தயங்காமல் அவள் சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினால், அங்கேயே அப்ளிகேஷன் வாங்கிவிடலாம்.